சர்ஜனை ஏமாற்றும் கழுத்து!

உங்கள் கழுத்தில் குரல்வளை மேடு இருக்கிறதல்லவா? அதற்குச் சற்றுப் பக்கவாட்டில் இரண்டு விரல்களை மெதுவாக வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் போதும். இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அழுத்திவிடாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

விரலுக்கடியில் 'திக், திக்' என்று துடிக்கிறதே, அதுதான் கரோட்டிட் தமனி. வலப் பக்கம் ஒன்று, இடப் பக்கம் ஒன்று. இருதயத்திலிருந்து மூளைக்குப் போகும் ரத்தத்தில் பெரும் பகுதி இந்த இரண்டு குழாய்களின் வழியாகத்தான் போகிறது. முதுகெலும்பை ஒட்டிப் பின்புறமாக இன்னும் இரண்டு சிறு குழாய்கள் ஏறிச் செல்கின்றன. மூளையின் எடை நம் உடம்பின் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே தின்றுவிடுகிறது. வீட்டில் ஓர் ஆள் மட்டும் இப்படிச் சாப்பிட்டால் நாம் சும்மா இருப்போமா?

மார்பிலிருந்து மேலே ஏறி வரும் கரோட்டிட் தமனி, குரல்வளை மேட்டின் மேல் விளிம்புக்கு நேராக வந்ததும் கவட்டை போல இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கும் நாக்குக்கும் தலைத் தோலுக்கும் போகிறது. மற்றொரு கிளை வழியில் யாருக்கும் ஒரு சொட்டும் கொடுக்காமல் நேரே மண்டைக்குள் புகுந்து, கண்ணுக்கும் மூளைக்கும் ரத்தம் கொடுக்கிறது. வம்பெல்லாம் இந்தக் கவட்டையில்தான். ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில் சுழல் உண்டாகி வண்டல் தங்குவது போல, இங்கே வயசான காலத்தில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குழாயை அடைக்கின்றன. புகை பிடிப்பவர்களுக்கும், ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உள்ளவர்களுக்கும் இது சீக்கிரமே வந்து சேருகிறது.

படிந்த பொருளிலிருந்து ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு மேலே போனால் என்ன ஆகும்? கண்ணுக்குப் போனால், திரை இறக்கியது போல ஒரு கண் மட்டும் இருண்டுவிடும். மூளைக்குப் போனால் கை மரத்துப் போகும், வாய் குழறும், எழுதிக் கொண்டிருந்த பேனா கீழே விழும். சில நிமிஷங்களில் துணுக்கு கரைந்து எல்லாம் சரியாகிவிடுவதும் உண்டு. அப்போது நாம் என்ன சொல்கிறோம்? "பித்தம்", "ராத்திரி தூக்கம் போதவில்லை", "வெயிலில் அலைந்தது" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறோம். அடுத்த துணுக்கு கரையாமல் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் பாரிசவாயு.

33 முறை வந்து போன வாதம்

கழுத்துக் குழாய் அடைபட்டால் மூளை கெடும் என்பதை உலகத்துக்குத் தெளிவாக எடுத்துக் காட்டியவர் கனடா தேசத்து டாக்டர் மில்லர் ஃபிஷர். 1951-ல் அவர் எழுதிய கட்டுரையில், என்றாவது ஒரு நாள் சர்ஜன்கள் இந்த அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வழி செய்வார்கள் என்றும் சொல்லி வைத்தார். அந்த நாளுக்கு அதிக காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

லண்டனில் ஓர் அம்மாள், வயசு 66. அவருக்குப் பாரிசவாயு வந்தது, போயிற்று; மறுபடி வந்தது, மறுபடி போயிற்று. இப்படி ஒன்றல்ல, இரண்டல்ல, 33 தடவை! 34-வது தடவை வந்து போகாமல் தங்கிவிட்டால்? ஸெயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது கரோட்டிட் தமனி கவட்டைக்கு மேலே அநேகமாக அடைபட்டுக் கிடந்தது.

1954-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி ஆபரேஷன். குழாயை வெட்டிச் சரி செய்யும் நேரத்தில் ரத்த ஓட்டத்தை நிறுத்தித்தானே ஆக வேண்டும்? அதுவரை மூளை பொறுக்குமா? டாக்டர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். மயக்கம் கொடுத்து, அந்த அம்மாளைச் சுற்றி ஐஸ் பைகளை அடுக்கி, உடம்பின் உஷ்ணத்தை 28 டிகிரி சென்டிகிரேடுக்கு இறக்கினார்கள். குளிர்ந்த மூளைக்குப் பசி குறைவு. கெட்டுப்போன கவட்டையை வெட்டி எறிந்துவிட்டு, கீழ்க் குழாயையும் மேல் குழாயையும் நேரே இணைத்துத் தைத்தார்கள். அம்மாள் பிழைத்தார். வாதம் அப்புறம் வரவில்லை. ஈஸ்ட்காட், பிக்கரிங், ராப் என்ற மூன்று டாக்டர்களும் அதே வருஷம் இதை வெளியிட்டபோது வைத்திய உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஆனால் பாருங்கள், அதற்கு ஒன்பது மாதம் முன்னாலேயே, 1953 ஆகஸ்டில், அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் மைக்கேல் டிபேக்கி என்ற சர்ஜன், 53 வயசுள்ள பஸ் டிரைவர் ஒருவருக்குக் குழாயைக் கீறி, உள்ளே இருந்த அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தைத்திருந்தார். அந்த டிரைவர் 19 வருஷம் சௌக்கியமாக வாழ்ந்தார். டிபேக்கி அந்தக் கதையை விவரமாக எழுதி வெளியிட்டது 1975-ல்தான்! முதல்வர் யார் என்ற வழக்கை வைத்தியர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கென்ன, இரண்டு நோயாளிகளுமே பிழைத்தார்கள்.

இந்த ஆபரேஷனால் உண்மையில் லாபம் உண்டா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய அளவில் பரிசோதித்து, 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஒரு முறை எச்சரிக்கை வந்து, குழாய் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் அடைபட்டவர்களை எடுத்துக்கொண்டார்கள். வெறும் மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பக்கத்துப் பாரிசவாயு வந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 9 பேருக்குத்தான். எச்சரிக்கை வந்த இரண்டு வாரத்துக்குள் செய்துவிட்டால் லாபம் இன்னும் அதிகம் என்பது பின்னால் தெரிந்தது. கவனியுங்கள்: அந்த ஒன்பது பேரில் ஆபரேஷன் காரணமாகவே பாரிசவாயு வந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். இது கத்தி முனையில் நடக்கும் காரியம்.

கீச்சிடும் பொம்மை

இப்போது யாரும் ஐஸ் பை அடுக்குவதில்லை. சில ஆஸ்பத்திரிகளில் முழு மயக்கம்கூடக் கொடுப்பதில்லை. கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளியுடன் பேசிக்கொண்டே ஆபரேஷன் செய்கிறார்கள். அப்போது நோயாளியின் எதிர்ப் பக்கத்துக் கையில் குழந்தைகள் விளையாடும் ரப்பர் பொம்மை ஒன்றைக் கொடுத்து வைப்பதுண்டு. அமுக்கினால் 'கீச்' என்று கத்துமே, அதுதான். சர்ஜன் குழாயில் இடுக்கியைப் போட்டதும், "அமுக்குங்கள்" என்பார்கள். 'கீச்!' சரி, மூளைக்கு ரத்தம் வேறு வழியாக வருகிறது, வேலையைத் தொடரலாம். பொம்மை மௌனமாகிவிட்டாலோ, சர்ஜன் அவசர அவசரமாக ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை அடைப்புக்குக் கீழே ஒரு முனையும் மேலே ஒரு முனையுமாகச் செருகி, தற்காலிகமாக ரத்தத்தை ஓட விடுவார்.

வேறு வழியாக எப்படி வருகிறது? மூளைக்கு அடியில் நான்கு குழாய்களும் வந்து சேரும் ஒரு வளையம் இருக்கிறது. ஒரு குழாய் அடைபட்டால் மற்றவை அந்த வளையத்தின் வழியே உதவிக்கு வருகின்றன. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்பவர் 1664-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விளக்கினார். படங்கள் போட்டுக் கொடுத்தவர் யார் தெரியுமா? பின்னால் லண்டனில் ஸெயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென்! வில்லிஸ் ஒரு மனிதரின் சடலத்தைச் சோதித்தபோது, ஒரு கரோட்டிட் தமனி அநேகமாகக் கல்லாகவே இறுகி அடைபட்டிருந்தது. ஆனால் அந்த ஆள் வயிற்றுக் கட்டியால் இறந்தவர், பாரிசவாயுவால் அல்ல. அதே பக்கத்துப் பின் குழாய் மூன்று மடங்கு பருத்து, அண்ணன் வேலையைத் தம்பி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் இந்த வளையம் பாடப் புத்தகத்தில் வரைந்திருக்கிறபடி முழுசாக இருப்பது பாதிப் பேருக்குக்கூட இல்லை. இங்கேதான் நம் விஷயம் ஆரம்பமாகிறது. மனித முகங்கள் ஒன்றைப் போல் ஒன்று இல்லாதது போலவே, கழுத்துக்குள்ளேயும் ஆளுக்கு ஒரு விதம்.

தாடைக்குப் பின்னால் ஒளிந்த கவட்டை

சர்ஜனுக்கு முதல் தொல்லை, கவட்டை மிக உயரத்தில் இருப்பது. சிலருக்குக் குழாய், குரல்வளைக்கு நேராகப் பிரியாமல் இன்னும் மேலே ஏறி, கீழ்த் தாடை எலும்புக்குப் பின்னால் போய்ப் பிரிகிறது. கதவுக்குப் பின்னால் இருக்கும் சாமானைச் சந்து வழியாகக் கையை விட்டு எடுப்பது போலத்தான். அந்தச் சந்திலோ நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நாக்கை ஆட்டும் நரம்பு குழாயின் மேலேயே குறுக்காகப் போகிறது. இன்னும் கொஞ்சம் உயரே போனால் விழுங்குவதற்கு வேண்டிய நரம்பு. முகத்தோரமாக, கீழ் உதட்டை இழுக்கும் நரம்பு. எதை அதிகமாக இழுத்தாலும் நோயாளி வாரக் கணக்கில், மாதக் கணக்கில் கஷ்டப்படுவார். பாரிசவாயுவைத் தடுத்துவிட்டு, சாப்பாடு விழுங்க முடியாமல் வீட்டுக்கு அனுப்பினால் நோயாளி வாழ்த்துவாரா?

இன்னொரு சங்கடம்: பிளாஸ்டிக் குழாய் செருக வேண்டும் என்றேனே, அதன் மேல் முனைக்கு அடைப்பைத் தாண்டி நல்ல குழாய் கொஞ்சமாவது வேண்டும். எல்லாம் தாடைக்குப் பின்னால் மறைந்திருந்தால் அதை எங்கே செருகுவது?

இதற்குச் செய்யும் உபாயங்களில் முதலாவது மிகவும் எளிது. யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாகவும் இருக்கும். மயக்கம் கொடுக்கும்போது சுவாசத்துக்கு வேண்டிய குழாயை வழக்கம்போல் வாய் வழியாக விடாமல் மூக்கு வழியாக விடுகிறார்கள். அவ்வளவுதான்! வாயில் குழாய் இல்லாததால் வாயை இறுக மூட முடிகிறது. மூடினால் தாடையின் பின் மூலை முன்னே நகர்ந்து சந்து அகலமாகிறது. போதாவிட்டால், குறுக்கே படுத்திருக்கும் ஒரு சிறு தசையை வெட்டி ஒதுக்குவார்கள். அதுவும் போதாவிட்டால், கீழ்த் தாடையை முன்பக்கம் இழுத்து, பற்களைக் கம்பியால் கட்டி, ஆபரேஷன் முடியும்வரை அப்படியே நிறுத்தி வைப்பார்கள். ஆனால் இதை நடுவில் நினைத்துக்கொண்டு செய்ய முடியாது. கத்தி வைப்பதற்கு முன்பே பல் சர்ஜனை வரவழைத்துச் செய்துகொள்ள வேண்டும். ஆகையால் கவட்டை எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டித் தெரிந்தாக வேண்டும். கழுத்தின் மேல் வைத்துப் பார்க்கும் ஒலி அலைக் கருவிக்குத் தாடை எலும்பைத் தாண்டிப் பார்க்கத் தெரியாது. "மேல் முனை தெரியவில்லை" என்று அறிக்கை வந்தால், மருந்து செலுத்தி எடுக்கும் ஸி. டி. படம் எடுத்துப் பார்க்காமல் நல்ல சர்ஜன் கத்தியைத் தொடமாட்டார். அந்தப் படத்துக்கு மூதாதை, 1927-ல் லிஸ்பன் நகரத்தில் எகாஸ் மோனிஸ் என்ற டாக்டர் மூளைக் குழாய்களை முதன் முதலாக எடுத்த எக்ஸ்ரே படம்.

திரும்பி வராத நரம்பு

குரலுக்கு உயிர் கொடுக்கும் நரம்பு ஒரு விசித்திரமான வழியில் போகிறது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, குரல்வளையைத் தாண்டி, மார்புப் பக்கம் போய், அங்கே ஒரு பெரிய ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறிக் குரல்வளைக்கு வந்து சேருகிறது. பக்கத்து வீட்டுக்குப் போக ஊர் சுற்றி வருவது போல! கருவில் இருக்கும்போது இருதயம் கழுத்துக்கு அருகில் இருந்து பிறகு கீழே இறங்குகிறது. இறங்கும்போது நரம்பையும் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே ஏற்பாடுதான். அதன் கழுத்து நீளத்தை நினைத்துப் பாருங்கள்.

நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படும் ஒரு மாறுதல் உண்டு. வலது கைக்குப் போகும் ரத்தக் குழாய் உரிய இடத்தில் பிறக்காமல், இடக் கோடியில் பிறந்து, உணவுக் குழாய்க்குப் பின்னால் புகுந்து வலப் பக்கம் வருகிறது. இங்கிலாந்தில் டேவிட் பேஃபோர்ட் என்ற டாக்டர், விழுங்க முடியாமல் வெகு காலம் கஷ்டப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் உடலில் இதைக் கண்டார். 1794-ல் அச்சான அந்த வரலாற்றில் அவர் இதற்கு 'இயற்கையின் விளையாட்டு' என்று பொருள்படும் லத்தீன் பெயரைக் கொடுத்தார். அவருக்கு விளையாட்டு, அந்தப் பெண்ணுக்கு?

இப்படிப்பட்டவர்களுக்கு வலப் பக்கத்தில் நரம்பை இழுக்கக் கொக்கி இல்லை. ஆகவே அது ஊர் சுற்றாமல், கழுத்திலேயே குறுக்கே திரும்பி நேராகக் குரல்வளைக்குப் போய்விடுகிறது. அதுதான் நியாயமான வழி. ஆனால் அந்த நியாயமான வழி, கரோட்டிட் ஆபரேஷன் செய்யும் இடத்தைக் கடந்து போகிறது! அங்கே ஒரு நரம்பு இருக்கும் என்று எதிர்பாராத சர்ஜன் அதை வெறும் சவ்வு என்று எண்ணி வெட்டிவிட்டால், குரல் கம்மிப் போகும். வாத்தியாருக்கும் வக்கீலுக்கும் அது பிழைப்பே போன மாதிரி.

இதைவிட ஆபத்து இரண்டாவது ஆபரேஷனில் இருக்கிறது. ஒரு பக்கத்துக் குரல் நாண் செயலற்றுப் போனாலும் சிலருக்கு வெளியே தெரிவதில்லை. மற்றொரு நாண் சமாளித்துக்கொள்ளும். அது தெரியாமல் மறு பக்கமும் ஆபரேஷன் செய்து, அந்த நரம்பும் கெட்டால் மூச்சே அடைத்துப் போகலாம். அதனால் முதல் பக்கம் முடிந்தவருக்கு இரண்டாம் பக்கம் செய்யுமுன் தொண்டைக்குள் பார்த்து, இரு நாண்களும் அசைகின்றனவா என்று நிச்சயப்படுத்திக்கொள்கிறார்கள்.

மறைய மறந்த குழாய்

கரு நான்கு வார வயசில் இருக்கும்போது, முன் குழாய்க்கும் பின் குழாய்க்கும் இடையே சில சிறு பாலங்கள் இருக்கின்றன. ஒரு வார காலத்தில் அவை மறைந்துவிட வேண்டும். ஆயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ அவற்றில் ஒன்று மறையாமல் நிலைத்துவிடுகிறது. நாக்கு நரம்பு போகும் துவாரத்தின் வழியாகவே அது மண்டைக்குள் புகுந்து பின் மூளைக்கு ரத்தம் கொடுக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குப் பின்புறத்துக் குழாய்கள் பெரும்பாலும் நூலாக மெலிந்திருக்கும். முன் மூளை, பின் மூளை இரண்டும் ஒரே கரோட்டிட் தமனியை நம்பியிருக்கும். இது தெரியாமல் அதற்கு இடுக்கி போட்டால், உதவிக்கு வர யார் இருக்கிறார்கள்? படத்தில் இதைப் பார்த்துவிட்ட சர்ஜன் பொம்மை கத்துகிறதா என்று காத்திருக்க மாட்டார். தற்காலிகக் குழாயை முன்பே தயாராக எடுத்து வைத்துக்கொள்வார்.

வேறு சிலருக்குக் குழாய் நேராகப் போகாமல் பாம்பு போல நெளிந்து, சுருண்டுகூடக் கிடக்கும். சிலருக்கு அது தொண்டையின் பின் சுவருக்கே வந்துவிடுகிறது. வாயைத் திறந்து பார்த்தால் அங்கே துடிப்பது தெரியும். டான்ஸில் எடுக்கப் போகும் டாக்டர் அதைக் கவனிக்காவிட்டால் கதி என்ன என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நெளிந்த குழாய் கத்தி வைக்கும் சர்ஜனை அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. மிஞ்சிய நீளத்தை வெட்டி நேராக்கித் தைத்துவிடுவார். தொடை வழியாகக் கம்பியை ஏற்றி, வலைக் குழாய் வைத்து அடைப்பை விரிக்கும் டாக்டருக்குத்தான் அது பரம விரோதி. நெளிவில் கம்பி சிக்கிக்கொள்ளும். மார்புக்குள் கரோட்டிட் தமனி பிறக்கும் இடத்திலும் இப்படி ஒரு மாறுதல் உண்டு. இடது குழாய் தன் இடத்தில் பிறக்காமல் வலப் பக்கத்துப் பெரிய குழாயோடு சேர்ந்து பிறக்கும். இதற்கு 'மாட்டு வளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையில் மாட்டுக்கு அப்படி இல்லை! பாவம், மாடு வாய் திறந்து மறுக்கவா போகிறது?

மறுபுறம், கழுத்தில் ஏற்கெனவே புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெற்றவர்களுக்கும், கவட்டை எட்டாத உயரத்தில் இருப்பவர்களுக்கும் கத்தியை விட வலைக் குழாயே மேல் என்று தீர்மானிப்பதுண்டு. எது யாருக்கு என்பதைப் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு இரு தரப்பு டாக்டர்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள்.

கழுத்தை இருபுறமும் அழுத்தாதீர்கள் என்றேனே, அதன் காரணம் இதுதான். கவட்டையில் ரத்த அழுத்தத்தை அளக்கும் ஓர் உறுப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் இருதயம் நிதானித்து மயக்கம் வரும். இறுக்கமான சட்டைக் காலரோடு சட்டென்று தலையைத் திருப்பி மயங்கி விழுந்த முதியவர்கள் உண்டு. 'கரோட்டிட்' என்ற பெயரே மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆபரேஷன் மேஜையிலும் அந்த இடத்தைத் தொட்டதும் நாடி இறங்கினால், மயக்க டாக்டர் "கொஞ்சம் நிறுத்துங்கள்" என்பார். சர்ஜன் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

தையல் முடிந்து நோயாளி கண் விழித்ததும் சர்ஜன் கட்டிலருகே வந்து நிற்கிறார். விசாரிப்பது விநோதமாக இருக்கும்.

"நாக்கை நீட்டுங்கள்."

நேராக நீள்கிறது. ஒரு நரம்பு தப்பியது.

"பல்லைக் காட்டிச் சிரியுங்கள்."

உதடு இருபுறமும் சமமாக இழுக்கிறது. இன்னொன்றும் தப்பியது.

"இரண்டு கையாலும் என் விரல்களை இறுகப் பிடியுங்கள். உங்கள் பெயர் என்ன?"

பெயரைக் கணீரென்று சொல்கிறார். நர்ஸ் ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விடுகிறாள். எல்லாரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புரையேறாமல் இறங்குகிறது. சர்ஜன் அப்போதுதான் முகமூடியைக் கழற்றுகிறார்.